ஓட்டுநரில்லா வண்டிக்கு எந்தப் படிப்பு?

(பொன்விழாத் தொடர் நிகழ்ச்சிகளில் ஒன்றான மாணவர் ஊக்கத்தொகை வழங்கும் மாலையில், சங்கத்தின் இளையர் பிரிவு சார்பில் ஆற்றிய உரை)



 

இஷாவுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கீழே சமையல்காரர் தம் போட்டுவிட்டதாகவும் தகவல். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

எங்களை இளையர் பிரிவு என்று அழைக்கிறீர்கள். எங்களில் எல்லாருக்கும் முப்பது தாண்டிப் பல வருடமாகிறது. ஆனாலும் இந்தச் சங்கத்தில் தலை முழுக்க நரைக்காதவர்கள் எல்லாரும் இளையர்தான். எங்களில் பெரும்பாலோர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்று வருடம் படித்து டிப்ளமா வாங்கியவர்கள். தேசிய சேவை முடிந்த கையோடு அத்தாமார்கள் "போதும், கடைக்கு வா" என்றார்கள், வந்துவிட்டோம். எங்கள் டிப்ளமாச் சான்றிதழ்கள் கடைச் சுவரில் வியாபார உரிமத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. கடைதான் சோறு போட்டது, தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தது. ஆனால் மின்னணுவியல் படித்தவன் வெந்தயம் நிறுத்துக்கொண்டிருக்கும்போது, தான் படித்த படிப்பு எங்கேயெல்லாம் போகிறது என்று எட்டிப் பார்க்கும் ஆசை மட்டும் போவதில்லை.

இந்தத் தலைப்பில் பேச நாங்கள் தகுதி உள்ளவர்களா என்று கேட்டால், இல்லை. எங்களில் ஒருவர்கூட வாகனப் பொறியாளர் இல்லை. பேச வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது எங்களுக்குப் பெருமை தருவது அல்ல.

இரண்டு வருடத்துக்கு முன் எங்களில் மூன்று பேரைக் கல்வி நிதியின் நேர்காணல் குழுவில் சேர்த்துக்கொண்டீர்கள். உதவி கேட்டு வரும் பிள்ளைகளையும் பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசி, படிவத்தை நிரப்பிக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தின் மூன்றாம் கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும்: "இப்படிப்பை முடித்தபின் என்ன வேலை கிடைக்கும்?" பெரியவர்கள் நல்ல எண்ணத்தில் வைத்த கேள்வி. சங்கத்தின் காசு, உறுப்பினர்கள் மாதாமாதம் கொடுத்த காசு. வீணாகிவிடக் கூடாது அல்லவா?

சென்ற ஆண்டு நேர்காணலுக்கு ஒரு பெண்பிள்ளை தன் அம்மாவோடு வந்தது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அத்தா டாக்சி ஓட்டுகிறார். மூன்றாம் கேள்விக்கு அந்தப் பிள்ளை எழுதியிருந்தது: "ஓட்டுநரில்லா வாகனத் துறையில் வேலை செய்ய விரும்புகிறேன்."

"அதுக்குன்னு தனிப் படிப்பு இருக்காம்மா?" என்று கேட்டோம்.

"தனிப் படிப்பா ஒண்ணும் இல்ல அங்கிள். கன்ட்ரோல் சிஸ்டம், ரியல்-டைம் கம்ப்யூட்டிங், நிறைய கணக்கு. அதெல்லாம் ஒழுங்காப் படிச்சாத்தான் அங்க போக முடியும்."

எங்களுக்குப் புரியவில்லை. புரியாததை மறைக்க எங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "உங்க அத்தா பிழைப்புக்கே வேட்டு வைக்கிற படிப்பா இருக்கே?" என்றார். விளையாட்டுக்குச் சொன்னதுதான். அந்தப் பிள்ளையின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். பிள்ளை குனியவில்லை.

"அத்தாதான் படிக்கச் சொன்னாங்க அங்கிள். பிஐஇ-ல மழை தூற ஆரம்பிச்சா மோட்டார்சைக்கிள் எல்லாம் அடுத்த மேம்பாலத்துக்கு அடியில ஒதுங்க இடப்பக்கம் வருவாங்க. அத்தா அதுக்கு முன்னாடியே வேகத்தக் குறைச்சிடுவாங்க. அது அத்தாவுக்குத் தெரியும். காருக்கு யாரு சொல்லிக் கொடுக்கறது?"

நல்ல பதில்தான் என்று தலையாட்டினோம். அவர்கள் வெளியே போனதும் படிவத்தில் "வேலைவாய்ப்பு தெளிவாக இல்லை" என்று எழுதினோம். கேட்ட தொகையில் பாதிதான் ஒதுக்கப்பட்டது. எழுதியது எங்கள் கை. குழுப் பெரியவர்கள் எங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு மனம் உறுத்தியது. கடை அடைத்தபின் ராத்திரிகளில் படிக்கத் தொடங்கினோம். இந்தத் துறையை உருவாக்கியவர்கள் உண்மையில் எதைப் படித்தார்கள், எந்த வழியாக வந்தார்கள் என்று தேடினோம். அப்படித் தேடியபோது கிடைத்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறோம்.

அவர் பெயர் ரகுநாதன் ராஜ்குமார். 1984-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1986-இல் முதுநிலைப் பட்டமும் 1989-இல் முனைவர் பட்டமும் வாங்கினார். அந்தக் காலத்தில் நம் படிவத்தை அவர் கையில் கொடுத்து மூன்றாம் கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்? ஓட்டுநரில்லா வாகனம் என்று எழுதியிருக்க வாய்ப்பில்லை. அவர் படித்தது காரைப் பற்றியே அல்ல. ஒரே கணினிக்குள் பல வேலைகள் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல், ஒவ்வொன்றும் தன் நேரத்துக்குள் முடிவது எப்படி என்பதுதான் அவர் ஆராய்ச்சி. நிகழ்நேரக் கணினி முறை என்பார்கள்.

இதைக் கேட்டதும் வேகமான கணினி என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே வேகத்தைவிட வாக்குத் தவறாமைதான் முக்கியம். இவ்வளவு நேரத்துக்குள் பதில் வரும் என்றால் வந்தே ஆக வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் நகர்ந்துவிடும். பிரேக் போடு என்ற கட்டளை அரை விநாடி தாமதமாக வந்தால் 7 மீட்டர் தள்ளித்தான் வண்டி நிற்கும். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பாதசாரிக் கடப்பு இருக்கும் இடத்தில் 7 மீட்டர் என்றால் என்ன என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் வரும் ஒரு சிக்கலை எங்கள் கடைக் கணக்கில் சொல்கிறோம். கடையில் அத்தா இருக்கிறார். அவர் வேலைதான் முதல் வேலை. நடுவில் நாலைந்து விற்பனையாட்கள். கடைசியில் புதிதாகச் சேர்ந்த பையன். கிடங்குக்கு ஒரே ஒரு சாவி. பையன் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு மூட்டைக் கணக்கு எழுதப் போகிறான். அந்த நேரம் பார்த்து சரக்கு லாரி வந்து நிற்கிறது. அத்தாவுக்குச் சாவி வேண்டும். பையன் கணக்கை முடித்துச் சாவியைக் கொடுக்க இரண்டே நிமிடம் போதும். ஆனால் நடுவில் இருக்கும் விற்பனையாட்கள் பையனைவிடப் பெரியவர்கள் அல்லவா? ஒருவர் "டேய், அந்தப் பெட்டியை எடு" என்கிறார். இன்னொருவர் தே வாங்கிவரச் சொல்கிறார். பையன் ஓடிக்கொண்டே இருக்கிறான். சாவி அவன் பைக்குள்ளேயே இருக்கிறது. கடையின் முதலாளி நடுத்தெருவில் லாரிக்காரனிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். யாரும் தப்புச் செய்யவில்லை. ஆனாலும் கடையில் தலைகீழான நியாயம் நடக்கிறது.

கணினிக்குள்ளும் இப்படியே நடக்கும். ராஜ்குமாரும் அவருடைய சகாக்களான லூயி ஷா, ஜான் லெஹோட்ஸ்கி ஆகியோரும் சேர்ந்து இதற்குச் சொன்ன தீர்வு எளிமையானது: பெரிய வேலைக்கு வேண்டிய சாவியைச் சின்ன வேலை வைத்திருக்கிறதா? சாவியைத் திருப்பிக் கொடுக்கும்வரை அந்தச் சின்ன வேலைக்குப் பெரிய வேலையின் மரியாதையை இரவலாகக் கொடுத்துவிடு. சாவி கையில் இருக்கும்வரை பையன்தான் கடையின் முதலாளி. நடுவில் யாரும் அவனைக் கூப்பிட முடியாது. சாவி கைமாறியதும் அவன் மறுபடி பையன். சொல்வதற்கு எளிது. இது எல்லா நிலையிலும் சரியாக நடக்கும் என்றும், யார் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்றும் கணக்குப் போட்டு நிரூபித்துக் காட்டியதுதான் அவர்கள் உழைப்பு. 1990-இல் அந்தக் கட்டுரை அச்சில் வந்தது. நாங்கள் அதைத் திறந்து பார்த்தோம். முதல் இரண்டு பக்கம் புரிந்தது. அதற்கு மேல் டிப்ளமா போதவில்லை.

ஏழு வருடம் கழித்து, 1997 ஜூலை 4-ஆம் தேதி, பாத்ஃபைண்டர் என்ற அமெரிக்க விண்கலம் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. உலகமே படம் பார்த்துக் கைதட்டியது. சில நாட்களில் அதன் கணினி தானாக நின்று மறுபடி தொடங்கத் தொடங்கியது. பூமியிலிருந்து சுமார் 19 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கணினியை யார் போய்த் திறந்து பார்ப்பது? பொறியாளர்கள் பூமியில் இருந்த அதே மாதிரிக் கணினியை ஓட விட்டு, கோளாறு மறுபடி வரும்வரை காத்திருந்து பிடித்தார்கள். பார்த்தால், நம் கடைப் பையன் கதைதான். காற்று, வெப்பம் அளக்கும் சின்ன வேலை ஒன்று சாவியை வைத்திருக்கிறது. தகவல் பாதையை நிர்வகிக்கும் பெரிய வேலை அதற்காகக் காத்திருக்கிறது. நடுவில் வேறொரு வேலை புகுந்து நேரத்தை எடுத்துக்கொள்கிறது. பெரிய வேலை நேரத்துக்கு நடக்கவில்லை என்பதைக் கண்டு, காவல்காரன் மாதிரி இருக்கும் இன்னொரு கடிகாரம் எல்லாவற்றையும் அணைத்துத் திரும்பத் தொடங்குகிறது. அந்த மென்பொருளுக்குள் இரவல் மரியாதை முறை ஏற்கெனவே இருந்தது. அந்த ஒரு சாவிக்கு மட்டும் அதைப் போடாமல் விட்டிருந்தார்கள். பூமியிலிருந்து ஒரு சிறு நிரலை அனுப்பி அதைப் போட்டார்கள். கோளாறு நின்றது.

அந்த ஆண்டு டிசம்பரில் நிகழ்நேரக் கணினித் துறையின் மாநாட்டில், அந்த மென்பொருளைத் தயாரித்த நிறுவனத்தின் மூத்தவர் ஒருவர் இந்தக் கதையைச் சொன்னார். பல வருடத்துக்கு முன் கார்னகி மெலன்காரர்கள் சிலர் எழுதிய கட்டுரைதான் எங்களைக் காப்பாற்றியது, எழுதியவர்கள் பெயர் மறந்துவிட்டது, மன்னிக்கவும் என்றார். எழுதிய மூன்று பேரும் அதே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாநாட்டுத் தலைவர் அவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். மண்டபமே ஆரவாரம் செய்ததாக அங்கிருந்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கணக்கு எழுதியவர்களுக்கு அப்படி ஓர் ஆரவாரம் எப்போதாவதுதான் கிடைக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து இதைப் படித்தபோது, நாங்கள் எழுதிய "வேலைவாய்ப்பு தெளிவாக இல்லை" என்ற மூன்று சொல்லும் கண்முன் வந்தன.

சரி, காருக்கு வருவோம். முனைவர் பட்டத்துக்குப் பிறகு ராஜ்குமார் ஐபிஎம் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். பிறகு படித்த பல்கலைக்கழகத்துக்கே திரும்பினார். அங்கே அடுத்த கட்டடத்தில் ரோபோ செய்பவர்கள் இருந்தார்கள். 1980-களிலிருந்தே பெரிய வேனில் கணினிகளை ஏற்றி, தானாக ஓட வைத்துக்கொண்டிருந்த கூட்டம் அது. 1995-இல் அவர்களில் இருவர் பிட்ஸ்பர்க்கிலிருந்து சான்டியாகோவரை ஏறக்குறைய 4,500 கிலோமீட்டர் பயணம் செய்தார்கள். திருப்புசக்கரத்தை 98 விழுக்காட்டுத் தூரத்துக்குக் கணினியே பிடித்தது. பிரேக்கும் வேகமும் மட்டும் மனிதர் கையில். 

பிறகு அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பு, தார்பா, பந்தயம் வைத்தது. 2004-இல் பாலைவனத்தில் பத்து லட்சம் டாலர் பரிசு. அதிக தூரம் போன வண்டியே 12 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பரிசு யாருக்கும் இல்லை. அடுத்த வருடம் ஐந்து வண்டிகள் முழுத் தூரத்தையும் முடித்தன, ஸ்டான்ஃபோர்டு முதலிடம். 2007 நவம்பர் 3-ஆம் தேதி மூன்றாம் பந்தயம். இந்த முறை பாலைவனம் இல்லை. கலிஃபோர்னியாவில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தின் தெருக்களில் சந்திப்பு, வழிவிடுதல், வண்டி நிறுத்துதல் எல்லாம் சாலை விதிப்படி செய்ய வேண்டும். கூடவே மனிதர்கள் ஓட்டும் கார்களும் வரும்.

கார்னகி மெலன் அணியின் வண்டி பெயர் "பாஸ்". செவர்லே டாஹோ. (அந்தப் பெயர் கெட்டரிங் என்ற ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளரின் பட்டப்பெயர். காரைக் கையால் சுற்றிக் கிளப்பிய காலத்தை முடித்து வைத்த மின்கிளப்பியைக் கண்டுபிடித்தவர் அவர்.) அந்த அணியில் ராஜ்குமாரும் இருந்தார். தொழில்நுட்பத் தலைவர் கிறிஸ் அர்ம்சன். கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்துவிட்டு ரோபோ ஆராய்ச்சிக்கு வந்தவர், பின்னாளில் கூகலின் ஓட்டுநரில்லாக் கார் திட்டத்தை நடத்தியவர்.

பாஸ்தான் முதலில் கிளம்ப வேண்டிய வண்டி. கிளம்பும் நேரத்தில் அதற்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியவில்லை. துணைக்கோளிலிருந்து வரும் சமிக்ஞை கிடைக்கவில்லை. என்ன காரணம் என்று பதறிப்போய்த் தேடினால், பார்வையாளர்களுக்காகப் பக்கத்தில் வைத்திருந்த பெரிய தொலைக்காட்சித் திரை சமிக்ஞையைக் குழப்பிக்கொண்டிருந்தது! திரையை அணைத்தார்கள், வண்டிக்கு உயிர் வந்தது. மற்ற வண்டிகளை முன்னே அனுப்பிவிட்டுப் பிறகு கிளம்பிய பாஸ், இரண்டாவதாக வந்த ஸ்டான்ஃபோர்டு வண்டியைவிடச் சுமார் 20 நிமிடம் குறைவாக எடுத்துக்கொண்டு முதல் பரிசான இருபது லட்சம் டாலரை வென்றது. இறுதிச் சுற்றில் ஓடிய 11 வண்டிகளில் 6 மட்டுமே பயணத்தை முடித்தன.

அந்த வெற்றியில் ஒருவர் பங்கு இவ்வளவு, இன்னொருவர் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நாங்கள் யார்? லேசரைப் புரிந்தவர், வரைபடத்தைப் புரிந்தவர், பிரேக்கைப் புரிந்தவர், எல்லாரும் வேண்டும். ஆனால் ஒரு வண்டிக்குள் லேசர் ஒரு பக்கம், ரேடார் ஒரு பக்கம், கேமரா ஒரு பக்கம் தகவலைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது, "முதலில் பிரேக், மற்றதெல்லாம் பிறகு" என்று சொல்லத் தெரிந்த படிப்பு எவ்வளவு தேவை என்பது கடை நடத்துகிற எங்களுக்குப் புரிகிறது.

அதன்பிறகு ராஜ்குமார் ஜெனரல் மோட்டார்ஸும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வுக்கூடத்தின் இணை இயக்குநராக இருந்தார். 2013 செப்டம்பரில் அவர் குழுவின் கெடிலாக் கார், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரை ஏற்றிக்கொண்டு, புறநகர் ஒன்றிலிருந்து பிட்ஸ்பர்க் விமான நிலையம்வரை 53 கிலோமீட்டர் ஓடியது. கூரைமேல் சுழலும் கருவி எதுவும் கிடையாது. கணினிகளெல்லாம் உள்ளே மறைவாக இருந்தன. பார்த்தால் சாதாரணக் கார். பல்கலைக்கழகத்திலிருந்து அவர் கிளைத்துத் தொடங்கிய ஒட்டோமாட்டிகா என்ற சிறு நிறுவனத்தை 2015-இல் டெல்ஃபை என்ற வாகன உதிரிபாக நிறுவனம் வாங்கியது.

இந்த இடத்தில்தான் கதை நம் ஊருக்கு வருகிறது. 2016 ஆகஸ்டில் நம் நிலப் போக்குவரத்து ஆணையம் ஒன்-நார்த் வட்டாரத்தில் ஓட்டுநரில்லாக் கார்களைச் சோதித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்த நிறுவனங்களில் அதே டெல்ஃபையும் ஒன்று. இன்னொன்று நூடோனமி. அந்த மாதமே நூடோனமி ஆறு சிறிய கார்களில் பொதுமக்களை ஏற்றத் தொடங்கிவிட்டது. உலகிலேயே அப்படி ரோபோ டாக்சியில் பொதுமக்கள் ஏறியது அதுதான் முதல் முறை. முன்னிருக்கையில் பாதுகாப்புக்கு ஒரு பொறியாளர் உட்கார்ந்திருந்தார்.

நூடோனமியைத் தொடங்கிய இருவரும் எம்ஐடி ஆய்வாளர்கள். அவர்களும் கார் படித்தவர்கள் அல்லர்! எமிலியோ ஃபிராட்சோலி விமான, விண்வெளிப் பொறியியல் படித்தவர். இத்தாலியிலிருந்து வந்து எம்ஐடியில் முனைவர் ஆனார்; சிங்கப்பூரில் எம்ஐடி நடத்தும் ஆய்வு மையத்தில் எதிர்காலப் போக்குவரத்துக் குழுவை வழிநடத்தினார். 2014-இல் ஜூரோங்கில் சீனத் தோட்டத்திலும் ஜப்பானியத் தோட்டத்திலும் ஓட்டுநரில்லாத கோல்ஃப் வண்டிகளில் மக்களை ஏற்றிச் சுற்றிக்காட்டியது அந்த மையமும் நம் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்துதான். நம்மில் சிலர் பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போயிருப்போம். என்னமோ விளையாட்டு வண்டி என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்போம். மற்றவர் கார்ல் இயாக்னெம்மா, இயந்திரப் பொறியாளர், கரடுமுரடான தரையில் ரோபோ வண்டிகள் எப்படி நகரும் என்று ஆராய்ந்தவர். அவர் சிறுகதை எழுத்தாளரும்கூட. 2003-இல் கதைத் தொகுப்பே வந்திருக்கிறது. பிள்ளைகள் கதை எழுதினால் கண்டிக்கும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளவும். 2017-இல் நூடோனமியையும் டெல்ஃபையே வாங்கிக்கொண்டது. செவ்வாய்க் கணினியைக் காப்பாற்றிய கணக்கும், விமானம் படித்தவரின் கணக்கும் கடைசியில் ஒரே கூரைக்குக் கீழ் வந்துவிட்டன.

நாங்கள் படித்த பொறியாளர்களில் ஒருவரும் "ஓட்டுநரில்லா வாகனம்" என்ற பெயருள்ள படிப்பில் சேரவில்லை. அவர்கள் படித்த காலத்தில் அப்படிப் பெயரே இல்லை. ஆழமாக ஒன்றைப் படித்தார்கள். பக்கத்து அறையில் வேறொன்றைப் படித்தவர்களோடு வேலை செய்தார்கள். அந்தப் பெண்பிள்ளை எங்களிடம் சொன்னதும் இதையேதான். இருபது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை.

டாக்சி, பேருந்து, லாரி ஓட்டும் சகோதரர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் இனிப்பாகப் பேசிவிட்டுப் போக விருப்பமில்லை. வண்டிகள் வருகின்றன. பொங்கோலில் ஓட்டுநரில்லா வாகனச் சேவைக்கு கிராப், கம்ஃபர்ட்டெல்குரோ நிறுவனங்களை 2025 செப்டம்பரில் ஆணையம் தேர்ந்தெடுத்தது. தொடக்கத்தில் உள்ளே பாதுகாப்பு அலுவலர் இருப்பார். என்றைக்கும் இருப்பார் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அதே சமயம், அந்த மழை விஷயத்தை நினைத்துப் பாருங்கள். கனமழையில் லேசர் ஒளி துளிகளில் பட்டுச் சிதறும். கேமராவுக்குக் கண் மங்கும். அதற்காகவே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் 2017-இல் திறந்த சோதனைத் தடத்தில் செயற்கையாக மழை பெய்விக்கும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஆனால் மழை தூறினால் மோட்டார்சைக்கிள்காரர் எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்பதை, முப்பது வருடம் இந்தத் தீவில் வண்டி ஓட்டியவரிடம்தான் கேட்க வேண்டும். அதைக் கேட்டு எழுதிக்கொள்ளத் தெரிந்த பொறியாளர் அந்த ஓட்டுநரின் வீட்டிலேயே இருந்தால் எவ்வளவு நல்லது!

படித்து முடித்தபின், மிச்சப் பாதித் தொகையை எங்களுக்குள் போட்டு எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். அதன் அத்தா அப்போதுதான் வண்டியை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். மரியாதையாக உட்கார வைத்து, தே ஆ கொடுத்தார். உறையைத் தொடவில்லை.

"தம்பிமார்களே, தப்பா எடுத்துக்காதீங்க. சங்கம் கொடுத்தா வாங்கிக்குவேன். நானும் இருபத்திரண்டு வருஷமா சந்தா கட்டுறேன், அது என் உரிமை. உங்க கடையிலேர்ந்து கொடுத்தா அது வேற. என் மக நாளைக்கு உங்க முன்னாடி நிமிர்ந்து நடக்கணும்."

உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மின்தூக்கியில் இறங்கி வந்தோம். ஒருவரும் பேசவில்லை.

அதனால்தான் இன்று இதை மேடையில் பேசுகிறோம். சங்கம் செய்ய வேண்டியதைச் சங்கம்தான் செய்ய வேண்டும். எழுத்துமூலமாக இரண்டு கோரிக்கை வைத்திருக்கிறோம். படிவத்தின் மூன்றாம் கேள்வியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "இப்படிப்பில் எதை ஆழமாகக் கற்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும், பதில் எங்களுக்குப் புரியாவிட்டால், அந்தத் துறை தெரிந்த ஒருவரை நேர்காணலுக்கு அழைக்க வேண்டும். நம் சமுதாயத்தில் இப்போது அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். இதைக் கல்விக் குழுத் தலைவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். அவருக்கு எங்கள் நன்றி. இரண்டாவது, டிப்ளமாவிலிருந்து பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு ஒவ்வொரு வருடமும் புதிதாக மனுப் போடச் சொல்லாமல், படிப்பு முடியும்வரை ஒரே முடிவாக உதவித்தொகை ஒதுக்குவது. இதற்குப் பணம் வேண்டும், ஆகவே பொதுக்குழு முடிவு செய்ய வேண்டும். இருப்பு நிதியைத் தொடக்கூடாது என்று மூத்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். ஐம்பது வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களுக்கு அந்தக் கவலை வரத்தான் செய்யும். பொதுக்குழுவில் கணக்கோடு வருகிறோம், பேசுவோம்.

அந்தப் பிள்ளை இப்போது இரண்டாம் ஆண்டு. பகுதி நேரமாகக் கடைத்தொகுதி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறது. இந்த ஆண்டுக்கான மனுவைப் போன வாரம் போட்டிருக்கிறது. நேர்காணல் அறையில் இந்த முறை நாங்கள் உட்காரப் போவதில்லை. உட்காரத் தகுந்த ஒருவர் கிடைத்திருக்கிறார்.

தீர்மானத்தின் நகல் வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. உறுப்பினர் எண் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டது.

வஸ்ஸலாம்.